மாமியார் லென்ஸ்

லென்ஸ்காரருக்கு அழுகை வரவில்லை என்பதுதான் கொஞ்ச நாளாகத் தெருவில் பேச்சு. பெற்ற பிள்ளை போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது, மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று எதிர்வீட்டுத் தையல்காரி யாரிடமோ சொன்னதை அவரே தன் காதால் கேட்டார். கேட்டும் கோபம் வரவில்லை. அவள் சொல்வது உண்மைதானே என்று நினைத்துக்கொண்டு, கையிலிருந்த குப்பைக் கூடையைக் கொட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தார். வேளாவேளைக்குப் பசித்தது. படுத்தால் தூக்கம் வந்தது. கடையில் யாராவது ஜோக் அடித்தால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்றும் தெரிந்தது. நெஞ்சு மட்டும் மரத்துப் போயிருந்தது. பல் பிடுங்குவதற்கு முன் போடுகிற ஊசியை யாரோ இடம் தவறிப் போட்டுவிட்ட மாதிரி.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்தப் படத்தை எடுத்தது யார்?

படம் அவர் மனைவியின் போனில் இருந்தது. பெரியவன் (மகனை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், மகளை சின்னவள்) ஊருக்கு வெளியே இருக்கிற பழைய கல்குவாரியின் விளிம்பில் நின்று வாய்விட்டுச் சிரிக்கிறான். பின்னால், பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் வெயிலில் மினுங்குகிறது. ‘எப்படிம்மா இருக்கேன்?’ என்று கீழே எழுதி அவனேதான் அனுப்பியிருந்தான். அன்று இருட்டுவதற்குள் அவனை அந்தத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். மேலே அவனுடைய பைக் நின்றது. பக்கத்தில் செருப்பு, செருப்புக்குள் போன். கால் நனைக்க இறங்கியிருப்பான், பாசி வழுக்கியிருக்கும் என்றார்கள். கூட யாரும் வரவில்லை, தனியாகத்தான் போயிருக்கிறான் என்றார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். லென்ஸ்காரரும் சேர்ந்து தலையாட்டினார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சாவகாசமாக அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. பையனின் இரண்டு கைகளும் படத்தில் இருக்கின்றன. ஒன்று இடுப்பில், இன்னொன்று ஆளைப் பார்த்து விரலை நீட்டியபடி. அப்படியானால் எதிரே ஓர் ஆள் நின்றிருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்தது. அது போனில் எடுத்த படம் இல்லை, கேமராவில் எடுத்துப் போனுக்கு மாற்றி அனுப்பியது. முகம் துல்லியமாக இருந்தது, முகத்துக்குப் பின்னால் பாறையும் புதரும் சுழன்று கரைந்திருந்தன. தண்ணீரின் மினுக்கம் புள்ளி புள்ளியாக இல்லாமல் பெரிய பெரிய ஒளி வட்டங்களாக மிதந்தது. அது பழைய லென்ஸின் வேலை. எந்த ரகம் என்றுகூட அவரால் சொல்ல முடியும். சொல்லாமல் என்ன, அவர் பிழைப்பே அதுதானே.

படப்பிடிப்புக்காரர்களுக்கு லென்ஸ் வாடகைக்கு விடுகிற கடையில் அவருக்கு வேலை. பழைய லென்ஸுகளைச் சோதித்து, இது நடுவில் கூர்மை, இது ஓரத்தில் வழிகிறது, இது வெயிலுக்கு எதிரே வைத்தால் வெளுத்துப்போகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் எழுதுவார். வீட்டின் பின்னறையிலும் ஒரு சோதனைக்கூடம் உண்டு. புது லென்ஸுகள் அவருக்குச் சலிப்பு. எல்லாம் பள்ளிக்கூடத்துச் சீருடை மாதிரி ஒன்றுபோல இருக்கும். பழசு அப்படியில்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு, அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஜாடை ஒன்றாக இருக்கும், குணம் ஒத்துப்போகாது.

மூடப்போகிற ஒரு ஸ்டூடியோவிலிருந்து அவர் ஒருமுறை ஐந்து லென்ஸுகளை மொத்தமாக வாங்கிவந்தார். ஐந்தும் ஒரே ரகம். பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுப் பூட்டினார். ஒன்று பெரியவனுக்கு. மூன்று அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேருக்கு. அவர்களும் அவனைப் போலவே பழைய லென்ஸ் பைத்தியங்கள். ஐந்தாவதைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். ஐந்தில் அதுதான் நேர்மையானது.

அதைத்தான் ரெஃபரன்ஸ் ஆக்கினார். எந்த லென்ஸைச் சோதித்தாலும் முதலில் ரெஃபரன்ஸைக் கேமராவில் போட்டு, சுவரில் இருக்கிற கட்டம் போட்ட அட்டையை ஒரு படம் எடுப்பார். அட்டை நேராக இருக்கிறதா, விளக்கு சரியா, கேமரா ஆடுகிறதா என்று அது காட்டிக்கொடுக்கும். பிறகுதான் மற்றவை. அந்த லென்ஸின் துளையைத் திறந்து மூடுகிற வளையம் எப்போதும் எட்டு என்ற எண்ணில்தான் நிற்கும் (எண் கூடக்கூடத் துளை சிறுத்துக்கொண்டே போகும்). யாரும் திருப்பக்கூடாது. திருப்புவது என்ன, தொடவே கூடாது. கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுகிறாரோ இல்லையோ, பின்னறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருமுறை சின்னவள் அதைத் துடைத்து வைத்துவிட்டாள் என்று மூன்று நாள் அவளோடு பேசவில்லை. எல்லாரிடமும் குற்றம் கண்டுபிடிக்கும், அதனிடம் யாரும் குற்றம் கண்டுபிடிக்கக்கூடாது என்பதால் பெரியவன் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்தான். வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பெரியவனுடைய லென்ஸ் அன்றைக்கு அவனிடம் இல்லை. வளையம் இறுகிவிட்டது என்று அப்பாவிடம் கொடுத்திருந்தான். அவர் அதைக் கழற்றிப்போட்டு, “நாளைக்குப் பூட்டித் தரேன்” என்று சொல்லியிருந்தார். அது இன்னும் மேஜையில் கவிழ்த்துவைத்த ஒரு கிண்ணத்துக்கு அடியில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அவனுடைய கேமரா அலமாரியில் மூடி போட்டபடி இருந்தது. ஆக, அவனைப் படம் எடுத்தது வேறு ஆள், வேறு கேமரா. அதே ரக லென்ஸ் வைத்திருப்பவர்கள் மூன்று பேர்தான். மூன்று பேருமே அன்றைக்கு அவனைப் பார்க்கவே இல்லை என்று சாதித்தார்கள். ஒருத்தன் பொய் சொல்கிறான்.

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?” என்று மனைவி கேட்டாள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள்.

“ஒண்ணும் பண்ண மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேக்கணும்.”

“என்னன்னு?”

“ஏன் அவனத் தனியா விட்டுட்டு வந்தேன்னு.”

“கேட்டா அவன் திரும்பி வந்துடுவானா?”

“வரமாட்டான்.”

“அப்ப விட்டுடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவர் போனை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கினார். அறைக்கு உள்ளே, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த சின்னவள் போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் மூடிக்கொண்டாள். அவள் கொஞ்ச நாளாகவே இப்படித்தான் இருக்கிறாள். அண்ணன் மேல் உயிராக இருந்தவள், இருக்காதா பின்னே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மூன்று பேரையும் ஒரு விடுமுறை நாள் காலையில் வரச்சொன்னார். நெட்டை, சோடாபுட்டி, தூங்குமூஞ்சி. பெரியவன் வைத்த பெயர்கள். மூன்றுமே காரணப்பெயர்கள் என்பதால் அறிமுகம் தேவையில்லை. வாசலில் வரிசையாக நின்றார்கள், தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பிய மாதிரி.

“லென்ஸ எல்லாம் ஒரு தடவ சர்வீஸ் பண்ணித் தரேன்ப்பா. அவனும் இல்ல, நீங்களும் யார்கிட்டப் போவீங்க?” என்றார். பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று அவருக்கே தெரியாது. உள்ளே ஒன்றும் இல்லாதபோது வாய்க்கு எதுவும் சுலபம்தான்.

நெட்டை உடனே கழற்றிக் கொடுத்தான். கொடுக்கும்போதே கண் கலங்கிவிட்டது. தூங்குமூஞ்சி பையைத் திறந்தான், மூடினான், திரும்பத் திறந்தான். “என்னோடது வேண்டாம் அங்கிள், நல்லாத்தான் இருக்கு” என்று இழுத்தான். லென்ஸ்காரர் அவன் முகத்தையே பார்த்தார். பிடிபட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று படித்துக்கொள்வது போல. “குடுப்பா” என்று கையை நீட்டியபடியே நின்றார். அவன் கொடுத்தான்.

சோடாபுட்டி மட்டும் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தன் தடிக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். “எங்கள்ல யாரையாவது சந்தேகப்படறீங்களா அங்கிள்?”

“சேச்சே, என்னப்பா இது.”

“சந்தேகப்பட்டாலும் தப்பில்ல. அன்னிக்கு என்னக் கூப்பிட்டான். வேல இருக்கு, வரலன்னு சொல்லிட்டேன். அவன் போன்ல பாத்தீங்கன்னா தெரியும். நான் போயிருந்தா...” மேலே சொல்லாமல் லென்ஸை அவர் உள்ளங்கையில் வைத்தான்.

பாவம் என்று நினைக்க வேண்டிய இடம் இது என்று லென்ஸ்காரருக்குத் தெரிந்தது. நினைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று லென்ஸையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

மகன் போனபிறகு அந்த அறைக்குள் அவர் சோதனை செய்ய நுழைவது அதுவே முதல் தடவை. அவருக்கு ஒரு துப்பு இருந்தது. படத்தில் மிதக்கிற ஒளி வட்டங்களைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தார். ஒவ்வொரு வட்டத்திலும் இடது ஓரத்தில் எலி கொறித்த மாதிரி ஒரு சின்னக் கடி இருந்தது. எல்லாவற்றிலும் அதே இடம், அதே அளவு. லென்ஸுக்குள் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்குகிற இதழ்களில் ஒன்று முழுசாக விலகாமல் நுனியை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அப்படி வரும். துளையை முழுசாகத் திறந்து வைத்து எடுத்தால்தான் அது தெரியும். கைரேகை மாதிரிதான். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது.

அட்டைக்குப் பக்கத்தில் சுவரில் குட்டி பல்புகளைச் சரமாகத் தொங்கவிட்டார். அவைதான் தண்ணீரின் மினுக்கம். கேமராவுக்கு முன்னால், படம் எடுத்த ஆள் நின்றிருக்கக்கூடிய தூரத்தைக் கணக்குப் பண்ணி ஒரு ஸ்டூலைப் போட்டார். அதன்மேல் பையனின் தலை இருக்க வேண்டிய உயரத்தில் ஏதாவது வேண்டுமே. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குளியலறையிலிருந்து நீல நிற வாளியை எடுத்துவந்து கவிழ்த்து வைத்தார். எட்டி நின்று உயரம் சரியா என்று பார்த்தார். கொஞ்சம் குறைந்தது. பெரியவன் அவரைவிட உயரம். வாளிக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்தார்.

பிறகு வழக்கம்போல மாமியாரை எடுத்துக் கேமராவில் போட்டு முதல் படத்தை எடுத்தார். திரையில் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஒரே வெளிச்சம். அட்டையில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. விளக்கில் கோளாறு என்று நினைத்து ஒன்றை அணைத்தார். அப்புறமும் வெளுப்பு. கேமராவின் வேகத்தை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். ஒருவழியாக வெளிச்சம் அடங்கியது. அட்டையின் கோடுகள் கூர்மையில்லாமல் கொஞ்சம் மெத்தென்று இருந்தன. கேமரா ஆடுகிறதோ என்று முக்காலியின் காலைத் திருகி இறுக்கினார். மழைக்காலம் முழுவதும் பூட்டிக்கிடந்த அறை, எல்லாம் தளர்ந்துதான் போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அறையில் இருந்த எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுத் திருத்தினார், லென்ஸைத் தவிர. அதைச் சந்தேகப்படுவது என்கிற வழக்கமே அவரிடம் கிடையாது.

அடுத்து நெட்டையின் லென்ஸ். துளையை முழுசாகத் திறந்துவைத்து, வாளியின் விளிம்பில் கூர்மையைப் பிடித்து எடுத்தார். வாளி துல்லியமாக வந்தது. நான்கு மூலைகளிலும் கட்டங்கள் தண்ணீரில் நனைந்த மை மாதிரி வழிந்தன. பின்னால் பல்புகள் வட்டங்களாக மிதந்தன. முழு வட்டங்கள். ஓரத்தில் இருந்தவை மட்டும் நசுங்கிய எலுமிச்சம்பழம் போல நீண்டிருந்தன. கடி இல்லை.

சோடாபுட்டியின் லென்ஸ் மூஞ்சியைத் துடைத்துத் துடைத்தே பூச்சு போயிருந்தது. கண்ணாடி போட்டவன் புத்தி, எதைப் பார்த்தாலும் துடைத்துவிடுவான். படம் வெளிறி, கறுப்பெல்லாம் சாம்பலாக வந்தது. வட்டங்களுக்குள் வெங்காயத்தை நறுக்கினது மாதிரி வளையம் வளையமாகத் தெரிந்தது. ஆனால் கூர்மையில் நெட்டையுடையதைவிட ஒரு படி மேல், மூலைவரைக்கும் பிடித்து நின்றது. கடி இல்லை.

அப்படியென்றால் தூங்குமூஞ்சிதான். கொடுக்கமாட்டேன் என்று இழுத்தானே. லென்ஸ்காரர் நிதானமாக அதைப் பொருத்தினார். கை நடுங்கவில்லை. நடுங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. படம் எடுத்துத் திரையைப் பார்த்தார். எல்லாமே பனிமூட்டத்துக்குள் இருந்தன. வட்டங்களுக்குள் பஞ்சு நூல் மாதிரி இழைகள் ஓடின. பூஞ்சை. ஈரத்தில் போட்டுவைத்து லென்ஸைப் பூஞ்சை பிடிக்கவிட்டிருக்கிறான் சோம்பேறி. அவர் ஆசையாகத் துடைத்துக் கொடுத்த லென்ஸைக் கெடுத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டுத்தான் ஒளித்திருக்கிறான். கடி இல்லை.

லென்ஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் படம் மட்டும் இருக்கிறது. ஒன்றும் ஓடாமல், எடுத்த படங்களைத் திரும்ப வரிசையாக ஓட்டிப் பார்த்தார். பூஞ்சை, வெங்காயம், எலுமிச்சை. கடைசியாக, முதலில் எடுத்த ரெஃபரன்ஸ் படம்.

அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. நான்கு படங்களும் ஒரே வெளிச்சத்தில் இருந்தன. ரெஃபரன்ஸ் படத்துக்குப் பிறகு கேமராவின் வேகத்தை அவர் மாற்றவே இல்லை. மற்ற மூன்றும் முழுசாகத் திறந்து எடுத்தவை. எட்டில் நிற்கிற லென்ஸ், ஊசித் துளை வழியாகப் பார்க்கிற லென்ஸ், அதே வேகத்தில் இருட்டடித்துப் போயிருக்க வேண்டும். தொழிலுக்கு நேற்று வந்தவன்கூட முதல் படத்திலேயே பிடித்திருப்பான். அவர் பிடிக்கவில்லை.

அட்டையை விட்டுவிட்டு, படத்தின் ஓரத்தில் தொங்குகிற பல்புச் சரத்தைப் பெரிதாக்கினார். கூர்மை அட்டையின்மேல் இல்லாமல் கொஞ்சம் முன்னே விழுந்திருந்ததால் பல்புகள் வட்டங்களாகியிருந்தன. ஒவ்வொரு வட்டத்திலும் மேல் ஓரத்தில் எலி கொறித்த மாதிரி ஒரு கடி.

மனைவியின் போனை எடுத்து மகனின் படத்தைத் திறந்தார். அது கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம். இங்கே கேமரா படுத்திருந்தது. போனைப் பக்கவாட்டில் திருப்பினார். இடது ஓரத்துக் கடி மேல் ஓரத்துக்கு வந்தது.

மாமியாரைக் கழற்றிக் கையில் எடுத்தார். வளையம் இரண்டில் நின்றது. முழுத் திறப்பு. எட்டைத் தவிர வேறு எண்ணில் வைத்து அதை அவர் ஒருநாளும் சோதித்ததில்லை.

கதவு திறந்திருந்தது. சின்னவள் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. திரையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், அப்பா கையில் இருந்த லென்ஸைப் பார்த்தாள்.

“இது எட்டுலதான இருக்கும்?” என்றார் அவர், யாரிடமோ கேட்பது போல.

“திருப்பி வைக்க மறந்துட்டேன்ப்பா” என்றாள் சின்னவள்.

கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு நிறுத்தாமல் பேசினாள். மாதக்கணக்காக மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒப்பிப்பது போல இருந்தது.

“அண்ணன்தான் சொன்னான். என் லென்ஸ் அப்பாகிட்டத் துண்டு துண்டாக் கெடக்கு, வா மாமியாரக் கூட்டிட்டுப் போலாம்னு. அவனே பெட்டியிலேர்ந்து எடுத்தான். நல்லா இருந்துச்சுப்பா. நிறைய எடுத்தோம். அப்புறம் எனக்குத்தான் பயமா போச்சு. நீங்க கடையிலேர்ந்து வந்து பெட்டியத் தொறப்பீங்களே. கெளம்பலாம்டான்னா, தண்ணில கால் நனச்சுட்டு வரேன், நீ பஸ்ல போய் வெச்சுடுன்னான். கேமராவையும் லென்ஸையும் எடுத்துட்டு ஓடி வந்துட்டேன். நீங்க வர்றதுக்குள்ள வெச்சுடணும்னுதான் வந்தேன். அதுக்காகத்தான்ப்பா விட்டுட்டு வந்தேன்.”

அவர் கேட்கவேண்டிய ஒரே கேள்வி. கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது.

அந்தச் சாயங்காலம் அவருக்கு ஞாபகம் வந்தது. கடையிலிருந்து வந்தார், செருப்போடு பின்னறைக்குப் போனார், பெட்டியைத் திறந்தார். மாமியார் தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்கிற திருப்தியோடு மூடிவிட்டுக் கை கழுவப் போனார். கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“அன்னிக்கே சொல்லிட்டேன்.”

மனைவி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “என்கிட்ட ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது?” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. “யாரையாவது புடிச்சுக் கூண்டுல ஏத்தியே ஆகணும்னு நின்னீங்க. தொடச்சு வெச்சதுக்கே மூணு நாள் பேசாதவரு. இதுக்கு எவ்வளவு நாள் பேசாம இருப்பீங்கன்னு நான் எப்படிங்க கணக்குப் போடுவேன்? ஒண்ணு போயிடுச்சு. இதையும் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்ல.”

லென்ஸ்காரர் கையில் இருந்த லென்ஸைப் பார்த்தார். அந்த வீட்டில் தெரியாமல் இருந்தது அவர் ஒருத்தருக்குத்தான். அம்மாவும் மகளும் அவருக்குத் தெரியாமல் அழுதிருக்கிறார்கள், அவருக்குத் தெரியாமல் ஒருத்தியை ஒருத்தி தேற்றியிருக்கிறார்கள். தெருவில்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று அவர் நினைத்தாரே, வீட்டுக்குள்ளேயே அவரைப் பற்றித்தான் பயந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவனைத் தனியாக விட்டுவிட்டு வரச்செய்த ஆளைக் கண்டுபிடித்தாகிவிட்டது. இனி அந்த ஆளிடம் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சின்னவள் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள். அவள் முதுகு திட்டுக்காகக் காத்திருந்தது. அவர் நாற்காலியிலிருந்து இறங்கி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். போனை அவள் பக்கம் திருப்பினார்.

“இதுல அவன் எதுக்கும்மா இப்படிச் சிரிக்கிறான்?”

அவள் தலையைத் தூக்கினாள். இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. சொல்லலாமா என்று அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கும் அது தெரியாது போலிருக்கிறது, அவளும் மகளையே பார்த்தாள்.

“உங்கள மாதிரி பேசிக் காட்டினான்ப்பா.”

“என்ன மாதிரின்னா?”

“பெட்டியத் தொறந்து பாத்துட்டு நீங்க வருவீங்கல்ல, அது மாதிரி. ஒரு கைய இடுப்புல வெச்சுக்கிட்டு, ஒரு வெரல நீட்டி...” சின்னவள் நிறுத்தினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இடது கையை இடுப்பில் வைத்து, வலது கை விரலை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டி, தொண்டையைக் கட்டைக்குரலாக்கிச் சொன்னாள். “‘என் மாமியாரத் தொட்டது எவன்டா? உள்ளதச் சொல்லுங்க! வளையம் எங்கிட்டப் பேசும்!’”

அச்சு அசல் அவர்தான். அந்த ‘பேசும்’மில் வருகிற இழுப்புகூட அவருடையதுதான். ஆனால் அதற்கு மேலே பெரியவனின் குறும்பு ஒரு பூச்சாகப் படிந்திருந்தது. அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே இவள் இவ்வளவு நாளாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். வாசலில் நின்ற மனைவிக்குத் திடுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே அது அழுகையாக மாறியது.

லென்ஸ்காரர் படத்தைப் பார்த்தார். இடுப்பில் ஒரு கை, நீட்டிய விரல். இத்தனை நாளும் அந்தப் படத்தில் அவர் வட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை தன்னைப் போல நின்றுகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. நெஞ்சில் எங்கேயோ ஊசி போட்ட இடத்தில் குறுகுறுவென்று ஏதோ ஊரத் தொடங்கியது. நன்றாகவே வலித்தது.

லென்ஸைச் சின்னவளின் மடியில் வைத்தார். அவள் அனிச்சையாக வளையத்தை எட்டுக்குத் திருப்பப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அது அப்படியே இருக்கட்டும்மா” என்றார். “நீ இன்னொரு தடவ சொல்லு. அவன் சொன்ன மாதிரியே சொல்லு.”